பொங்கலுக்குள் பாட்டி வீட்டு வேலைகளை நானே செய்யலாமா? எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

பொள்ளாச்சிக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் பாட்டி வீடு இப்போது அம்மா பேருக்கு வந்திருக்கிறது. முன்பக்கம் ஓடு, நடுவில் எண்பதுகளில் கட்டிய தார்சு, பின்னால் சிமெண்ட் சீட் இறக்கிய அடுப்படி. பொங்கலுக்குள் குடியிருக்கிற மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆள் தேடிப் பார்த்துவிட்டேன். அட்வான்ஸ் வாங்கியவர் போனை எடுப்பதில்லை, எடுத்தவர் வருவதில்லை. எனவே சனி, ஞாயிறுகளில் நானே செய்யலாம் என்று இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கைவேலையில் ஆர்வம் உண்டு. டிரில்லிங் மெஷின், டெஸ்டர், கட்டிங் பிளேயர் எல்லாம் சொந்தமாக இருக்கிறது.

செய்ய நினைப்பவை: ஜன்னல், கதவுகளில் பழைய எனாமல் பெயிண்டைச் சுரண்டிப் புதிதாக அடிப்பது, சுவருக்குச் சுண்ணாம்பு, உடைந்த சுவிட்சுகளை மாற்றுவது, குளியலறையில் பெயர்ந்த டைல்ஸை வெட்டி ஒட்டுவது, அடுப்படி சீட்டில் ஒழுகலை அடைப்பது, வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது. தொட்டி தரைக்குக் கீழே, சுமார் 8 அடி ஆழம்.

என்னோடு அம்மா மட்டும்தான் இருப்பார். கண்ணாடி, கையுறை, ஷூ வாங்கச் சில ஆயிரம் ஒதுக்கியிருக்கிறேன். எதை முதலில் வாங்க வேண்டும்? எந்த வேலையைத் தொடாமல் விட வேண்டும்? பட்டவர்கள் சொல்லுங்கள்.

செம்பருத்தி:

எங்கள் வீட்டுக்கு நானும் என் தங்கையும்தான் வெள்ளை அடிப்போம், அதனால் சுண்ணாம்பு பற்றி மட்டும் சொல்கிறேன்.

கிளிஞ்சலோ கல்லோ, சுட்ட சுண்ணாம்பை வாங்கி வீட்டில் தாளிக்கப் போகிறீர்கள் என்றால் தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டுக்கு இளகிவிடும், பழைய இரும்பு டிரம் நல்லது. குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்து அரை மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் நேராகக் கண் ஆஸ்பத்திரி. தலைக்கு மேல் அடிக்கும்போதுதான் அதிகம் கண்ணில் விழும். அதனால் முதலில் வாங்க வேண்டியது பக்கவாட்டிலும் மூடியிருக்கும் கண்ணாடி. வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது.

இன்னொன்று, குளியலறைத் தரையில் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்ப்போம், பிறகு பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் தூவுவோம். இரண்டும் ஒரே நாளில் ஒரே தரையில் வேண்டாம். கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்கிறவர்களுக்கு மூச்சு அடைத்துவிடும்.

மில் வயர்மேன்:

தம்பி, நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்கள் கண்ணாடியையும் கையுறையையும் கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் வேறொன்று.

மில்லில் மெஷினுக்குள் கை விடுமுன் அதன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். சுவிட்சில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டுவோம், அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அவிழ்க்கலாம். மேனேஜரே வந்து நின்றாலும் அடுத்தவன் அட்டையைத் தொட மாட்டான். வீட்டில் இந்தப் பழக்கம் கிடையாது. மெயினை அணைத்துவிட்டு உள்ளே போய் ஸ்டூலில் ஏறி நிற்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர் "என்ன, கரண்ட் இல்லையா" என்று மெயினைப் போட்டுவிடுவார். நான் கேள்விப்பட்ட வீட்டு விபத்துகளில் பலவும் இந்த ரகம்தான்: அணைத்தது திரும்ப வந்தது. உங்கள் பட்டியலில் இருக்கும் வேலைகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். எது, எந்த வழியாகத் திரும்ப வரும்?

சுவிட்ச் வேலையை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் மூன்று ஃபேஸ் லைனா? அப்படியானால் ஆட்டோமேட்டிக் ஃபேஸ் சேஞ்சர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஃபேஸில் கரண்ட் போனால் தானாகவே அடுத்த ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ளும் பெட்டி அது. நம் ஊர்ப் பக்கம் நிறைய வீடுகளில் உண்டு. நீங்கள் ஒரு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக நிற்பீர்கள். அது கடமை தவறாமல் அடுத்த ஃபேஸை உங்கள் கைக்கே கொண்டுவந்து சேர்க்கும். எனவே மூன்றையும் பிடுங்க வேண்டும்.

அடுத்தது இன்வெர்ட்டர். மெயினை அணைத்தால் அது 'பவர் கட்' என்று நினைத்துக்கொண்டு அந்த நொடியே பேட்டரியிலிருந்து லைட், ஃபேன் லைனுக்கு 230 வோல்ட் கொடுக்க ஆரம்பிக்கும். இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை மட்டும் அணைத்தாலும் போதாது, பெரும்பாலானவற்றில் மெயின் கரண்ட் பைபாஸில் போய்க்கொண்டுதான் இருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும். மாடியில் சோலார் இருந்தால், பேனலிலிருந்து இறங்கும் வயரில் பகல் முழுக்க கரண்ட் உண்டு. அதை யாராலும் அணைக்க முடியாது, தொடாதீர்கள்.

எல்லாம் அணைத்தபின் டெஸ்டர் வைத்துப் பார்ப்பீர்கள். எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் நியான் பல்பு போயிருக்கலாம். வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நிற்பதால் மங்கலாக எரியலாம். அணைக்கும் முன் அதே இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். அணைத்தபின் பாருங்கள். பிறகு கரண்ட் இருக்கும் இன்னோர் இடத்தில், பக்கத்து வீட்டுப் பாயின்ட்டானாலும் சரி, வைத்து டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவில் கை.

அம்மாவை மெயின் பக்கத்தில் உட்கார வையுங்கள். "யார் சொன்னாலும் போடாதே, நான் நேரில் வந்து சொன்னால் மட்டும்" என்று சொல்லி வையுங்கள். ஃபியூஸ் கட்டை உங்கள் பையில். ஃபியூஸுக்குப் பதில் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச்) என்றால் கீழே தள்ளி அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, "வேலை நடக்கிறது" என்று ஒரு சீட்டு.

எம்சிபி இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். விழாது. 6 ஆம்பியர் எம்சிபி வயரையும் வீட்டையும் காப்பாற்ற வந்தது. உங்கள் நெஞ்சு வழியே 100 மில்லி ஆம்பியர் போனால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது, ஆனால் இதயம் தாளம் தப்பிவிட அது போதும். மனிதனுக்காக இருப்பது ஆர்சிசிபி, கரண்ட் வெளியே கசிந்தால் உடனே லைனை அணைக்கும் சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும் ரகம் கேளுங்கள். பாட்டி வீட்டில் அது இல்லை என்றால், கண்ணாடி கையுறைக்கு முன்னால் உங்கள் ஆயிரங்கள் அங்கேதான் போக வேண்டும். அதைப் போட உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். சட்டமும் அப்படித்தான்: பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் என்று இருப்பதை அப்படியே மாற்றுவதை வீட்டுக்காரர் செய்யலாம். புது லைன் இழுப்பதும் லோடு கூட்டுவதும் உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் வேலை. ஆர்சிசிபியும் எல்லாவற்றுக்கும் காவல் இல்லை. ஒரு கையில் ஃபேஸும் (கரண்ட் வரும் வயர்) மறு கையில் நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) பட்டால் அதைப் பொறுத்தவரை நீங்கள் ஒரு பல்பு, அவ்வளவுதான். விழாது.

தண்ணீர்த் தொட்டி. இதற்குள் நீங்கள் இறங்க வேண்டாம். மூடியே கிடந்த தொட்டியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், அதற்கு வாசனை கிடையாது. இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் அங்கேயே விழுவார். செய்தித்தாளில் இப்படி இரண்டு மூன்று பேராகத்தான் பெயர் வருகிறது. உங்கள் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் அம்மா. போதாததற்கு, தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரைத் தானாக ஓட்டும் கருவி இருந்தால், ஈரத்தில் நிற்கும்போது அது ஓட ஆரம்பிக்கும். மேலே நின்றபடியே மோட்டார் லைனைப் பிடுங்கிவிட்டு, நீளக் கம்பு பிரஷ்ஷால் தேய்த்து, சேற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டு இறைத்து விடுங்கள். அப்படிப் போகாது என்றால் தொட்டி கழுவும் மெஷின்காரர்களைக் கூப்பிடுங்கள். டீசல், பெட்ரோல் பம்பு செட்டை தொட்டிக்குள் இறக்குகிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு. இதே கேள்வி செப்டிக் டேங்க் பற்றி இருந்தால் பேச்சே இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். உறிஞ்சும் லாரிதான்.

டைல்ஸ் கட்டிங் பற்றி அப்புறம் எழுதுகிறேன், பேத்தியை ஸ்கூலிலிருந்து கூட்டி வர வேண்டும்.

கைவேலை ராஜா:

இப்படிப் பயமுறுத்தினால் யார்தான் வேலை செய்வது? எங்கள் தெரு மேஸ்திரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு நாள் முழுக்க மார்பிள் அறுக்கிறார். கண்ணாடியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு கீறல் கிடையாது. பயந்த கைதான் நடுங்கும். தைரியமாகச் செய்யுங்கள் தம்பி.

பொள்ளாச்சிக்காரன்:

அனைவருக்கும் நன்றி. தொட்டிக்கு ஆள் சொல்லிவிட்டேன். வயர்மேன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. நேற்று வீட்டுக்குப் போயிருந்தபோது நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு பிளக் பாயின்ட்டாக டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். நடு அறையில் ஒரு பாயின்ட்டில் இரண்டு துளையிலும் எரிகிறது. அதே அறையில் லைட்டும் ஃபேனும் போட்டால் ஓடவில்லை. டெஸ்டர் கெட்டதா, இல்லை நான்தான் தப்பாக வைத்தேனா? இன்னொன்று, ஒரு ஃபேன் சுவிட்சை அணைத்தபிறகும் மேலே ரோஸ் (கூரையில் ஃபேன் வயர் சேரும் மூடி) பக்கத்தில் இரண்டு வயரிலும் டெஸ்டர் எரிகிறது.

மில் வயர்மேன்:

டெஸ்டர் சரியாக இருக்கிறது, தம்பி. முதல் கதை நியூட்ரல் அறுந்தது. லைட், ஃபேன் சுவிட்ச் போட்டிருக்கும்போது ஃபேஸ் அந்த ஃபேன் காயில் வழியாக நியூட்ரல் வயருக்கு வந்து, போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. அந்த அறையின் சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள், ஒரு துளையில் மட்டும் எரியும். "கரண்ட் வரவில்லை, ஒன்றும் ஓடவில்லை" என்று கருப்பு வயரை, அதாவது நியூட்ரலை, தைரியமாகப் பிடிப்பது இந்த நேரத்தில்தான். பிடித்தால் முழு 230 வோல்ட்.

இரண்டாவது, சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஃபேன் வரைக்கும் கரண்ட் உட்கார்ந்திருக்கும். பழைய வீடுகளில் சகஜம். ஃபேன் இறக்க ஏறினவரெல்லாம் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறியிருப்பார்கள்!

இப்படி இரண்டு பிழை கண்ணுக்குத் தெரிகிற வீட்டில் தெரியாதது இன்னும் இருக்கும். முக்கியமாக எர்த். அந்தக் காலத்தில் எர்த் போடச் சோம்பல்பட்டு, மூன்று பின் பாயின்ட்டில் எர்த் துளையையும் நியூட்ரலையும் சின்ன வயர் வைத்து இணைத்துவிடுவார்கள். நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை தெரியாது. அது அறுந்த அன்றைக்கு ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், கீசர் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் வந்து நிற்கும். எனவே நான் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் சுவிட்ச் மாற்றுவதையும் இப்போதைக்கு விடுங்கள். ஒரு வயர்மேனை வைத்து நியூட்ரல், எர்த், ஆர்சிசிபி மூன்றையும் முடித்துக்கொள்ளுங்கள். பெயிண்ட், டிரில்லிங் எல்லாம் அதற்கப்புறம். ஏனென்றால் டிரில்லிங் மெஷினும் அதே பாயின்ட்டில்தான் சொருகப் போகிறீர்கள்.

அந்த ராஜா சாருக்கு: உங்கள் மேஸ்திரி வெறுங்காலோடு அறுப்பது தைரியத்தால் இல்லை, பழகிய கையால். அவர் பிளேடு எந்தப் பக்கம் உதைக்கும் என்று தெரிந்து அதற்கு விலகித்தான் உட்கார்ந்திருப்பார், கவனித்துப் பாருங்கள். அவர் மூச்சில் போகும் கல் தூசிக்கு மட்டும் பழக்கம் என்று ஒன்று கிடையாது. அதன் கணக்கு நுரையீரலில் வருடக்கணக்கில் ஏறும்.

சரி, கட்டிங். கடையில் ஏஜி 4 என்று கேட்டால் கொடுக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், அதாவது டிஸ்க் சுழன்று அறுக்கும் மெஷின், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். டிஸ்க்கில் எத்தனை சுற்று வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள், அது மெஷினின் சுற்றைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. இரும்பு அறுக்கும் மெல்லிய கருப்பு டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் குத்தியிருக்கும். மழையில் நனைந்தது, கீழே விழுந்தது எல்லாம் குப்பைக்கு. டிஸ்க்கின் மேலே இருக்கும் தடுப்பு மூடியைக் கழற்றிவிட்டு 5 அங்குல டிஸ்க் மாட்டுகிறவர்களையும், மரம் அறுக்கப் பல் வைத்த பிளேடு மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பல் மரத்தின் கணுவில் சிக்கினால் மெஷின் துள்ளி முகத்துக்கோ தொடைக்கோ வரும், பிடித்து நிறுத்த எந்தக் கைக்கும் நேரம் இருக்காது.

உங்களுக்கு டைல்ஸ்தானே, நேர்க்கோட்டுக்கு மெஷினே வேண்டாம். கீறி உடைக்கும் கை கட்டர் வாடகைக்குக் கிடைக்கும். தூசியும் இல்லை, சத்தமும் இல்லை. குழாய் வரும் இடத்தில் வளைத்து வெட்டுவதற்கு மட்டும் மெஷின். முற்றத்தில், என்95 மாஸ்க்கோடு. ஐஎஸ் 9473 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், கர்சீப் கட்டுவது தூசிக்குத் தடை இல்லை. மெஷினை வைக்கும் முன் டிஸ்க் நிற்கும்வரை கையில் பிடித்திருங்கள். டிஸ்க் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே போட்டுக்கொள்ளுங்கள். இதுவும் அந்த ஃபியூஸ் கட்டைக் கதைதான்.

உடுப்பில் லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கோயில் கயிறு எதுவும் கூடாது. கையுறை கேட்டீர்களே, டிரில் ஓட்டும்போது பருத்திக் கையுறையைக் கழற்றிவிடுங்கள். பிட்டில் ஒரு நூல் சுற்றினால் கையுறையோடு விரலையும் முறுக்கிவிடும். சுண்ணாம்புக்கும் உடைந்த டைல்ஸ் பொறுக்கவும் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் சுண்ணாம்புக்கு ரப்பர்.

செம்பருத்தி:

ஜன்னல் பெயிண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எண்பதுகளில் அடித்த எனாமலில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் வாங்குங்கள். கீழே பழைய பாலிதீன் விரித்து, விழுவதை அப்படியே சுருட்டிக் கட்டி எடுத்துவிடுங்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள். சில பெயிண்டர்கள் நெருப்பு காட்டி உரிப்பார்கள், அது வேண்டவே வேண்டாம், புகையில் ஈயம் வரும். அந்த வேலை நடக்கும் நாளில் குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். போட்டிருந்த துணியையும் தனியாகத் துவையுங்கள்.

ஏணி எந்த மாதிரி வைத்திருக்கிறீர்கள்? வாசல் பக்கம் சர்வீஸ் வயர் போகிறதென்றால் அலுமினிய ஏணியை அங்கே கொண்டு போகாதீர்கள். மூங்கில் ஏணி என்றால் 12 அடி உயரத்துக்கு ஏணியின் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும், மேலே கயிற்றால் கட்டிவிடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்:

மூங்கில்தான், பாட்டி காலத்தது. படி இரண்டு ஆடுகிறது, புதிதாக வாங்கிவிடுகிறேன். வயர்மேன் ஒருவர் கிடைத்திருக்கிறார், வரும் வாரம் வருவதாகச் சொன்னார் (வந்தால் பார்ப்போம்). மிச்சம் இருப்பது அடுப்படி சீட் ஒழுகல் மட்டும்தான். மேலே ஏறிப் பார்த்தால் விரிசல் ஓரமாகத்தான் தெரிகிறது, சிமெண்ட் பூசினால் நின்றுவிடும் போலிருக்கிறது.

மில் வயர்மேன்:

மேலே ஏறினீர்களா? சீட் மேலேயா? இனி ஏறாதீர்கள், தம்பி. பழைய சிமெண்ட் சீட் வெயிலிலும் மழையிலும் ஊறிப் பொரித்த அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். மேலே பாசியும் தூசியும் இருப்பதால் விரிசல் கண்ணுக்குப் படாது. மில் கொடவுன்களில் சீட் மாற்றும்போது குறுக்கே நீளப் பலகை போட்டு, போல்ட் வரிசைக்கு மேல், அதாவது அடியில் குழாய் ஓடும் இடத்தின் மேல் மட்டும்தான் நடப்பார்கள், அதுவும் இடுப்பில் கயிற்றோடு. அடுப்படி உயரம் 10 அடிதான் என்று நினைக்காதீர்கள், கீழே அம்மிக்கல்லும் மேடையும் இருக்கிறது.

அது ஆஸ்பெஸ்டாஸும்கூட. துளை போடுவது, அறுப்பது, உடைப்பது, கம்பி பிரஷ்ஷால் பாசி சுரண்டுவது எதையும் செய்யாதீர்கள். அந்த நார் மூச்சில் போனால் வெளியே வராது. அடியிலிருந்து ஏணி போட்டு, ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். சீட் வேலைக்காரர் பலகையோடு வரட்டும். வயதான சீட் என்றால் ஒட்டுப் போடுவதைவிட மொத்தமாகக் கழற்றித் தகர சீட் போடுவதே மேல். கழற்றும்போது தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் அம்மா அடுப்படியில் இருக்கக் கூடாது. தகர சீட் போட்டால் அதன் இரும்புச் சட்டத்துக்கும் எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். வயர்மேன் வரும் வாரமே அதையும் பேசி வைத்துவிட்டால் இன்னொரு முறை அவரைத் தேட வேண்டியதில்லை.